அந்நிய முதலீடும் உள்ளூர்க் கணக்கும்: செங்கல்பட்டு மாவட்ட உள்ளாட்சிப் பிரதிநிதிகளுக்கு ஒரு திறந்த மடல்

மறைமலைநகர் முதல் மாமல்லபுரம் வரை, செங்கல்பட்டு மாவட்டத்தின் நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி மன்றங்களில் பொறுப்பு வகிக்கும் பெருமக்களுக்கு,



மறைமலைநகர் ஆலையில் 3,250 கோடி ரூபாய் செலவில் என்ஜின் உற்பத்தியைத் தொடங்க ஃபோர்டு நிறுவனம் 2025 அக்டோபர் இறுதியில் தமிழ்நாடு அரசுடன் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்டது. ஆண்டுக்கு 2.35 லட்சம் என்ஜின்கள், 600-க்கு மேற்பட்ட வேலைவாய்ப்புகள், 2029-இல் உற்பத்தி என்பன அறிவிக்கப்பட்ட இலக்குகள். 2022-இல் மூடப்பட்ட ஆலை மீண்டும் இயங்கப்போகிறது என்ற செய்தியை மாவட்டம் மகிழ்ச்சியோடு வரவேற்றதில் வியப்பில்லை. ஆனால் அந்த ஆலை வந்த விதத்தையும் போன விதத்தையும் திரும்பிவரும் விதத்தையும் ஒருசேர வைத்து எண்ணிப் பார்க்க இதைவிட ஏற்ற தருணம் அமைவது அரிது. இம்மடல் வலியுறுத்துவது ஒன்றே: ஓர் அந்நிய முதலீட்டை அது கொண்டுவரும் தொகையைக் கொண்டு மட்டும் மதிப்பிடுவது அரைகுறைக் கணக்காகும்; அது வெளியேற நேர்ந்தால் ஊரில் எஞ்சுவது எது என்பதையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும்; அந்தக் கேள்வியை ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்பே எழுப்ப வேண்டியவர்களில் உள்ளாட்சிப் பிரதிநிதிகளும் அடங்குவர்.

முதலில் எது அந்நிய நேரடி முதலீடு, எது அன்று என்பதைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. ஒரு நாட்டைச் சேர்ந்த முதலீட்டாளர் வேறொரு நாட்டின் நிறுவனத்தில், நீண்டகால ஈடுபாட்டுடனும் நிர்வாகத்தில் செல்வாக்குப் பெறும் நோக்குடனும் போடும் முதலே அந்நிய நேரடி முதலீடு எனப்படும். வாக்குரிமையுள்ள பங்குகளில் பத்து விழுக்காடோ அதற்கு மேலோ வைத்திருப்பதே அத்தகைய செல்வாக்குக்கு அடையாளம் என்பது சர்வதேச நாணய நிதியம் போன்ற அமைப்புகள் வகுத்துள்ள அளவுகோல். இந்தியாவின் 2019-ஆம் ஆண்டு விதிகளும் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களுக்கு இதே பத்து விழுக்காட்டை எல்லையாகக் கொள்கின்றன. பட்டியலிடப்படாத நிறுவனத்தில் வெளிநாட்டவர் பங்கு எவ்வளவு சிறிதாயினும் அதை நேரடி முதலீடாகவே கருதுகின்றன. புதிதாக வரும் பங்கு மூலதனம், ஈட்டிய லாபத்தைத் தாய் நாட்டுக்கு அனுப்பாமல் இங்கேயே மறுபடி போடும் தொகை, தாய் நிறுவனம் தன் துணை நிறுவனத்துக்குக் கொடுக்கும் கடன் ஆகிய மூன்றும் இக்கணக்கில் சேரும். இதற்கு மாறாக, நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் இரண்டாவது நிலையத்துக்கு ஜெர்மனியின் கே.எஃப்.டபிள்யூ. வங்கி அளித்த நிதி வெளிநாட்டுப் பணமேயாயினும் நேரடி முதலீடு ஆகாது. நிலையம் அரசுக்குரியதாகவே இருக்கிறது, வாங்கிய கடனைத் திருப்பிச் செலுத்தும் கடமையும் அரசையே சேர்கிறது. நேரடி முதலீட்டில் அரசுக்குத் திருப்பிச் செலுத்தும் கடமை இல்லை. அதற்கு ஈடாக, எதை உற்பத்தி செய்வது, எத்தனை பேரை அமர்த்துவது, எப்போது மூடுவது என்ற முடிவுகள் தொலைவிலுள்ள ஒரு தலைமையகத்தின் கைக்குப் போய்விடுகின்றன.

இத்தகைய முதலீடு ஏழை நாடுகளுக்கு மட்டும் உரியது என்ற எண்ணம் பரவலாக உண்டு. உண்மை நிலை வேறு. உலகில் இதுவரை திரண்டுள்ள அந்நிய நேரடி முதலீட்டின் பெரும்பகுதி முன்னேறிய நாடுகளிலேயே இருக்கிறது; அவற்றுள்ளும் அமெரிக்காவே முதலிடம் வகிக்கிறது. பணக்கார நாட்டின் நிறுவனம் இன்னொரு பணக்கார நாட்டுக்கு ஏன் போக வேண்டும் என்ற கேள்விக்கு 1960-இல் ஸ்டீபன் ஹைமர் தம் முனைவர் பட்ட ஆய்வில் விடை தேடினார். மொழியும் சட்டமும் வழக்கமும் அறியாத ஊரில், அவற்றையெல்லாம் அறிந்த உள்ளூர்ப் போட்டியாளரை ஓர் அயல் நிறுவனம் வெல்ல வேண்டுமானால், தொழில்நுட்பம், வணிகப் பெயர், நிர்வாகத் திறன் போன்ற ஏதோவொரு தனி வலிமை அதனிடம் இருக்க வேண்டும் என்பது அவர் கருத்து. பின்னர் ஜான் டன்னிங் இதனை விரித்து, நிறுவனத்தின் தனி வலிமை, இடத்தின் அனுகூலம், அந்த வலிமையைப் பிறருக்கு உரிமம் கொடுத்து விற்பதைவிடத் தானே பயன்படுத்துவது லாபம் என்ற நிலை ஆகிய மூன்றும் கூடும்போதே நேரடி முதலீடு நிகழும் என்றார். இம்மூன்றில் உள்ளூர் மக்களின் கையில் இருப்பது இரண்டாவதான இடத்தின் அனுகூலம் ஒன்றே. பேரம் பேசுவதற்கான பொருளும் அதுவே.

இடத்தின் அனுகூலம் என்பது எல்லா ஊரிலும் ஒரே பொருள் தருவதன்று என்பதற்கு மகேந்திரா வேர்ல்டு சிட்டியிலுள்ள பி.எம்.டபிள்யூ. ஆலை நல்ல சான்று. 2007 மார்ச்சில் தொடங்கப்பட்ட இந்த ஆலையில் ஒரு லட்சமாவது கார் வெளிவர ஏறக்குறைய 15 ஆண்டுகள் ஆயின. அதே நிறுவனம் அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில், ஸ்பார்டன்பர்க் என்னும் ஊரில் 1994 முதல் நடத்திவரும் ஆலை ஆண்டுக்குச் சுமார் 4 லட்சம் கார்களைத் தயாரிக்கிறது; இங்குள்ள ஆலையின் 15 ஆண்டு உற்பத்தி அங்கே மூன்று மாத வேலை. அங்கே தயாராகும் கார்களில் பெரும்பாலானவை உலகச் சந்தைக்குக் கப்பலேறுகின்றன; இங்கே தயாராகும் கார்கள் இந்தியச் சந்தைக்கே உரியவை. முழுக் காராக இறக்குமதி செய்தால் விதிக்கப்படும் சுங்கவரி மிக அதிகமாகவும், பிரித்த பாகங்களாகக் கொண்டுவந்து இங்கே பூட்டினால் அது மிகக் குறைவாகவும் இருப்பதே இத்தகைய ஆலைகள் இங்கு அமைவதற்கு முதற்காரணம். சுங்கச் சுவரைத் தாண்டுவதற்காக வரும் இவ்வகை முதலீடு, அந்தச் சுவர் தாழும் நாளில் தன் இருப்புக்கு வேறொரு காரணம் தேடியாக வேண்டும்.

அந்த வேறு காரணம் எவ்வாறு உருவாகிறது என்பதையும் அதே ஆலையில் காணலாம். என்ஜினையும் கியர்பாக்ஸையும் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் பூட்டித் தருகிறது, அச்சுகள் இசட்.எஃப். ஹீரோ நிறுவனத்திலிருந்தும், இருக்கைகள் லியரிடமிருந்தும், புகைபோக்கி அமைப்பு டென்னகோவிடமிருந்தும், மின்கம்பிக் கட்டுகளும் கதவின் உட்பலகைகளும் டிராக்ஸ்ல்மையரிடமிருந்தும் வருகின்றன. இப்பட்டியலில் அந்நிய நிறுவனங்களும் உண்டு, இந்தியக் கூட்டு நிறுவனங்களும் உண்டு. ஒரு பெரிய ஆலையைச் சுற்றி இப்படிப் பாகம் செய்பவர்கள் சேரச் சேர, அந்த ஆலைக்கு இடம்பெயர்வது செலவு மிகுந்த காரியமாகிறது. அதைவிட முக்கியமாக, பெரிய ஆலை போனாலும் பாகம் செய்பவர்கள் வேறு வாடிக்கையாளரைத் தேடித் தங்கிவிட முடிகிறது. முதலீட்டின் தொகையைவிட அதைச் சூழ்ந்து உருவாகும் இந்த வலையே ஊரின் நீண்டகாலச் சொத்து.

ஒரே வாடிக்கையாளரை நம்பிய தொழிலின் நிலைக்குக் கல்பாக்கத்தை அடுத்த சதுரங்கப்பட்டினம் பழைய சாட்சி. 1602-இல் பங்கு முதல் திரட்டித் தொடங்கப்பட்ட டச்சுக் கிழக்கிந்திய நிறுவனம் 17-ஆம் நூற்றாண்டில் இவ்வூரில் துணி வாணிகத்துக்காகக் கிடங்கும் பின்னர்க் கோட்டையும் அமைத்தது. சோழமண்டலக் கரையில் இத்தகைய நிறுவனங்கள் உள்ளூர் வணிகர் வழியாக நெசவாளருக்கு முன்பணம் கொடுத்துத் துணி வாங்கின. முன்பணம் வேலைக்கு உறுதி அளித்தது, அதே வேளையில் நெசவாளரை ஒரு வாங்குபவரோடு கட்டியும் வைத்தது. 1824-ஆம் ஆண்டின் ஆங்கில-டச்சு உடன்படிக்கையை அடுத்து டச்சுக்காரர்கள் இக்கரையை விட்டு நீங்கியபோது, அந்த முடிவில் நெசவாளருக்கு எந்தப் பங்கும் இருக்கவில்லை. இன்று அங்கே தொல்லியல் துறையின் பாதுகாப்பில் எஞ்சியிருப்பவை கோட்டைச் சுவர்களும் கிடங்குகளும் செதுக்கு வேலைப்பாடு மிக்க கல்லறைப் பலகைகளுமே.

ஃபோர்டின் வரலாற்றை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்ப்பது பயன் தரும். கார் தொழிலுக்கு உரிமம் பெறும் கட்டாயம் 1993-இல் நீக்கப்பட்டபின், 1995-இல் மகேந்திராவுடன் சமபங்குக் கூட்டாக ஃபோர்டு இந்தியாவுக்குள் வந்தது. 1998-இல் பெரும்பான்மைப் பங்கைத் தன் வசமாக்கிக்கொண்டது. 1999-இல் ஐகான், 2010-இல் ஃபிகோ, 2013-இல் ஈகோஸ்போர்ட் என மறைமலைநகரிலிருந்து வெளிவந்த கார்கள் பெயர் பெற்றன. ஈகோஸ்போர்ட் பின்னர் அமெரிக்காவுக்கே ஏற்றுமதியானது. ஆயினும் பத்தாண்டுகளில் 200 கோடி டாலருக்கு மேல் இயக்க இழப்பு ஏற்பட்டதாகக் கூறி, 2021 செப்டம்பர் 9 அன்று இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக நிறுவனம் அறிவித்தது. மறைமலைநகரின் கடைசிக் கார் 2022 ஜூலையில் வெளிவந்தது. அறிவிப்புக்கும் முடிவுக்கும் இடையே இருந்த காலம் ஏறத்தாழ பத்து மாதங்கள்.

இதே நிறுவனம் ஆஸ்திரேலியாவிலிருந்து வெளியேறிய விதம் ஒப்பிடத்தக்கது. கீலாங் நகரில் 1925-இல் தொடங்கிய ஃபோர்டின் ஆஸ்திரேலிய உற்பத்தி 2016 அக்டோபரில் முடிவுற்றது. முடிவு அறிவிக்கப்பட்டது 2013 மே மாதத்தில். மூன்று ஆண்டுகளுக்கு மேற்பட்ட இந்த அவகாசத்தில் தொழிலாளருக்கு மறுபயிற்சி தரவும், மத்திய, மாநில அரசுகளும் நிறுவனமும் சேர்ந்து கீலாங்கிலும் மெல்போர்னின் வடபகுதியிலும் புதிய தொழில்களை ஊக்குவிக்கும் நிதியங்களை அமைக்கவும் வழி பிறந்தது. முன்னேறிய பொருளாதாரத்திலும் ஆலை மூடத்தான் செய்தது. சம்பளம் போனவர்களின் துயரமும் அங்கே இருந்தது. வேறுபாடு அவகாசத்தில் இருந்தது. இந்தியாவின் தொழில் தகராறுச் சட்டம் பெரிய ஆலையை மூடுவதற்கு 90 நாள் முன்னதாக அரசின் அனுமதி கோருவதையும், இழப்பீடாகப் பணிபுரிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் ஊதியத்தையும் மட்டுமே குறைந்தபட்சமாக விதித்திருந்தது. மறைமலைநகர்த் தொழிலாளர்கள் 2022-இல் போராட்டமும் பேச்சுவார்த்தையும் நடத்தி அதைவிடப் பல மடங்கு இழப்பீடு பெற்றனர் என்பது சங்கத்தின் வலிமைக்குச் சான்று. ஆனால் இத்தகைய பேச்சுவார்த்தைகளின் பலன் பொதுவாக நிரந்தரத் தொழிலாளரோடு நின்றுவிடுகிறது. காண்ட்ராக்ட் தொழிலாளிக்கும், ஷிப்ட் பேருந்து ஓட்டியவருக்கும், மெஸ் நடத்தியவருக்கும், வங்கிக் கடனில் வாடகை அறைகள் கட்டியவருக்கும் அந்த மேசையில் நாற்காலி கிடையாது. அவர்களின் குரலாக இருக்கத்தக்க ஒரே அமைப்பு உள்ளாட்சி மன்றம்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. ஆஸ்திரேலியாவில் ஆலைகளை மூடிய ஃபோர்டு, அங்கே தன் வடிவமைப்பு, பொறியியல் பிரிவுகளைத் தொடர்ந்து நடத்துகிறது. தமிழ்நாட்டிலும் அதுவே நிகழ்ந்தது: மறைமலைநகரில் உற்பத்தி நின்ற பிறகும் சோழிங்கநல்லூரை மையமாகக் கொண்ட அதன் தொழில்நுட்ப, வணிகச் சேவைப் பிரிவு வளர்ந்துகொண்டேயிருந்தது, 2024 செப்டம்பரில் ஏற்றுமதிக்காக ஆலையை மீண்டும் பயன்படுத்தும் விருப்பத்தை நிறுவனம் தெரிவித்தபோது, மாநிலத்தில் தன் சேவைப் பணிகளில் சுமார் 12,000 பேர் இருப்பதாகக் குறிப்பிட்டது. இயந்திரம் எளிதில் நின்றுவிடுகிறது, பயின்ற திறன் நிலைத்து நிற்கிறது என்பதே இதன் பாடம். ஆனால் ஊர்க் கணக்குப்படி பார்த்தால், உருக்கும் எண்ணெயும் கையாண்ட ஐ.டி.ஐ. தொழிலாளியின் வேலை போய், பட்டதாரிப் பொறியாளரின் வேலை வளர்ந்தது. இரண்டும் ஒரே வீட்டுக்குப் போகும் சம்பளம் அல்ல.

அறிவிப்புத் தொகைகளைக் கையாளும்போது எச்சரிக்கை தேவை. தமிழ்நாட்டின் உலக முதலீட்டாளர் மாநாடுகளில் 2015-இல் சுமார் 2.42 லட்சம் கோடி, 2019-இல் சுமார் 3 லட்சம் கோடி, 2024-இல் சுமார் 6.64 லட்சம் கோடி ரூபாய்க்கு ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. இவை உள்நாட்டு, வெளிநாட்டு முதலீடுகள் இரண்டும் கலந்தவை. பல ஆண்டுகளில் நிறைவேற வேண்டியவை. புரிந்துணர்வு ஒப்பந்தம் என்பது பொதுவாக நீதிமன்றத்தில் நிறைவேற்றக் கோரத்தக்க கடப்பாடும் அன்று. இந்த இடைவெளி வளரும் நாடுகளுக்கு மட்டும் உரிய குறையும் இல்லை. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஃபாக்ஸ்கான் நிறுவனம் 2017-இல் 1,000 கோடி டாலர் முதலீட்டையும் 13,000 வேலைகளையும் அறிவித்தது. 2021-இல் திருத்திய ஒப்பந்தத்தில் அவை 67.2 கோடி டாலராகவும் 1,454 வேலைகளாகவும் சுருங்கின. ஆனால் வேலை உருவான அளவுக்கே சலுகை என்ற நிபந்தனை அந்த ஒப்பந்தத்தில் இருந்ததாலும், அதன் விவரங்கள் பொதுமக்களுக்குத் தெரிந்திருந்ததாலும், மாநில அரசு சலுகைத் தொகையையும் அதற்கேற்பக் குறைக்க முடிந்தது.

சலுகைகளின் விவரம் வெளியே தெரியாமலிருப்பதால் வரும் இடர் தமிழ்நாடும் அனுபவித்ததே. செங்கல்பட்டு தனி மாவட்டமாவதற்கு முன் ஒரே மாவட்டமாயிருந்த காஞ்சிபுரத்தின் ஒரகடத்தில் ரெனோ-நிஸ்ஸான் ஆலை 2010-இல் திறக்கப்பட்டது. 2008-ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி தரவேண்டிய ஊக்கத்தொகையை மாநில அரசு தரவில்லை என்று கூறிய நிஸ்ஸான், இந்திய-ஜப்பான் பொருளாதார உடன்படிக்கையின் கீழ் இந்திய அரசுக்கு எதிராகச் சர்வதேச நடுவர் மன்றத்தை நாடி, 5,000 கோடி ரூபாய்க்கு மேல் கோரியது. வழக்கு 2020-இல் சமரசத்தில் முடிந்தது. 2025-இல் நிஸ்ஸான் தன் 51 விழுக்காட்டுப் பங்கை ரெனோவிடம் விற்று அந்த ஆலையின் உடைமையிலிருந்தே விலகியது. வரித் தகராறால் வரும் இடரும் உண்டு: ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியாவின் கைபேசி ஆலை வரி வழக்குகளில் சிக்கியதால், 2014-இல் மைக்ரோசாஃப்ட் நோக்கியாவின் கைபேசித் தொழிலை வாங்கியபோது அந்தக் கைமாற்றத்தில் சேரவில்லை. அதே ஆண்டு நவம்பர் 1 அன்று மூடப்பட்டது. சால்காம்ப் நிறுவனம் அவ்வளாகத்தை எடுத்துக்கொள்ளும் வரை கட்டடங்கள் ஆண்டுக்கணக்கில் பயனின்றிக் கிடந்தன.

யாருடைய பணம் என்பதும் இன்று கேள்விக்குரியதாகிவிட்டது. 2019 அக்டோபர் 11, 12 தேதிகளில் மாமல்லபுரத்தில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் சந்தித்தபோது வணிகமும் முதலீடும் பேசப்பட்டன. ஆறே மாதங்களில், 2020 ஏப்ரலில், இந்தியாவோடு நில எல்லை கொண்ட நாடுகளின் முதலீட்டுக்கு அரசின் முன் அனுமதி கட்டாயமாக்கப்பட்டது. அமெரிக்காவில் அந்நிய முதலீட்டை ஆராயும் குழு 1975 முதலே இயங்குகிறது. ஜப்பானின் நிப்பான் ஸ்டீல் நிறுவனம் யு.எஸ். ஸ்டீலை வாங்குவதை 2025 ஜனவரியில் ஓர் அதிபர் தடுத்தார். அடுத்தவர் அவ்வாண்டு ஜூனில், அரசுக்கு முக்கிய முடிவுகளைத் தடுக்கும் உரிமை தரும் தனிப் பங்கையும், 2028-க்குள் 1,100 கோடி டாலர் முதலீடு செய்யும் உறுதியையும் பெற்றுக்கொண்டு அனுமதித்தார். நட்பு நாட்டின் பணத்தைக்கூட நிபந்தனையின்றி ஏற்பதில்லை என்பதே முன்னேறிய பொருளாதாரங்களின் இன்றைய நடைமுறை.

வருவதை மட்டும் எண்ணிப் போவதை எண்ணாமல் விடுவதும் பிழையான கணக்கு. ரிசர்வ் வங்கி 2025 மே மாதத்தில் வெளியிட்ட விவரப்படி, 2024-25-இல் இந்தியாவுக்கு வந்த மொத்த அந்நிய நேரடி முதலீடு சுமார் 8,100 கோடி டாலர். வெளிநாட்டவர் திருப்பி எடுத்துச் சென்றதையும் இந்தியர் வெளிநாடுகளில் போட்டதையும் கழித்தபின் நின்ற நிகரத் தொகை சுமார் 40 கோடி டாலர் மட்டுமே. 2024 அக்டோபரில் ஹூண்டாய் நிறுவனம் தன் இந்தியத் துணை நிறுவனத்தின் 17.5 விழுக்காட்டுப் பங்கை விற்றுத் திரட்டிய சுமார் 27,870 கோடி ரூபாய் முழுவதும் கொரியத் தாய் நிறுவனத்துக்கே சேர்ந்தது. இதில் முறைகேடு எதுவுமில்லை. போட்டவர் எடுப்பது முதலீட்டின் இயல்பே, எளிதில் வெளியேற முடிவதைச் சந்தையின் முதிர்ச்சி என்று கொள்வோரும் உண்டு. ஊர்க் கணக்கில் மட்டும் அது இடம்பெறாமல் போகக் கூடாது.

எனவே இம்மடல் தங்கள் மன்றங்களின் முன் நான்கு வேண்டுகோள்களை வைக்கிறது. முதலாவது, ஒவ்வோர் ஊராட்சியும் நகராட்சியும் தன் எல்லைக்குள் வரும் பெரிய முதலீட்டுக்கு ஒரு பதிவேடு வைத்து, அறிவித்த தொகை, அறிவித்த வேலைகள், ஆண்டுதோறும் உண்மையில் வந்தவை, அவற்றுள் நிரந்தரம் எத்தனை, காண்ட்ராக்ட் எத்தனை, உள்ளூரார் எத்தனை பேர் என்பவற்றைக் குறித்து, கிராம சபையிலும் நகர்மன்றக் கூட்டத்திலும் படிக்க வேண்டும். இரண்டாவது, அரசு அளிக்கும் தனிச் சலுகைத் தொகுப்புகளின் விவரத்தை வெளியிடவும், அவற்றை உருவான வேலைகளின் எண்ணிக்கையோடு இணைக்கவும் தீர்மானம் இயற்றி அரசுக்கு அனுப்ப வேண்டும். மூன்றாவது, மூடும் நிலை வந்தால் குறைந்தது ஓராண்டு முன்னறிவிப்பு, காண்ட்ராக்ட் தொழிலாளருக்கும் இழப்பீட்டில் பங்கு, நிலத்தையும் நிலத்தடி நீரையும் சீர்செய்யும் பொறுப்பு ஆகியவை தொடக்க ஒப்பந்தத்திலேயே இடம்பெறக் கோர வேண்டும். நான்காவது, மாவட்டத்தின் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் மாணவர்க்கு ஆலைக்குள் தொழிற்பழகுநர் இடங்களையும், சிறு பாக உற்பத்தியாளர்க்கு ஒன்றுக்கு மேற்பட்ட வாடிக்கையாளரோடு தொடர்பையும் பெற்றுத்தர மாவட்ட நிர்வாகத்தை வற்புறுத்த வேண்டும்.

இவற்றைக் கேட்டால் முதலீடு வேறு மாநிலத்துக்குப் போய்விடும் என்ற அச்சம் எழும். மாநிலங்கள் போட்டியிடுவது உண்மைதான். ஆயினும் துறைமுகமும், பாகத் தொழிலும், பயின்ற ஆட்களும் ஒருங்கே அமைந்த இடம் நாட்டில் பல இல்லை. போன நிறுவனம் திரும்பி வருவதே இம்மாவட்டத்தின் பேர வலிமைக்குச் சான்று. நிபந்தனைகள் விதிக்கும் அமெரிக்காவே உலகில் மிகுதியான அந்நிய முதலீட்டைப் பெற்றும் இருக்கிறது. மறைமலைநகர் ஆலையில் என்ஜின் உற்பத்தி தொடங்க 2029 வரை காலம் இருக்கிறது. அடுத்த கிராம சபைக்கும் அடுத்த நகர்மன்றக் கூட்டத்துக்கும் பொருள்நிரல் தயாரிக்கும்போது, மேற்கண்ட பதிவேட்டைத் தொடங்கும் தீர்மானத்தை அதன் முதல் வரியாகச் சேர்க்குமாறு தங்கள் அனைவரையும் இம்மடல் கேட்டுக்கொள்கிறது.